பினாங்கில் எட்டு மணி நேரம்

அக்காவை ஐஸ் கச்சாங் கடை முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் மடியில் முறுக்கு டின். அதற்கு மேலே கடைப் பையில் மடித்து வைத்த ஒரு பாத்தேக் சாரோங்.

"இங்கனயே இரு, அக்கா. பலகையெல்லாம் ஆடுது. நான் போயி வீட்டப் பாத்துட்டு ஓடியாரேன்."

"சீக்கிரம் வாடா தம்பி. அவ காத்துக்கிட்டு இருப்பா."

எங்களுக்கு முன்னால் கடல்மேல் நீளமாக ஒரு பலகைப் பாதை போனது. இரண்டு பக்கமும் தண்ணீரில் கால் நட்டு நிற்கும் சீனர் வீடுகள். காலை பதினொரு மணி வெயில், பலகை இடுக்கில் சேற்று வாடை, யாரோ ஊதுபத்தி கொளுத்திய வாசனை. அக்காவுக்கு எழுபது வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. அதனால்தான் உட்கார வைத்தேன். வேறு எந்த எண்ணமும் அப்போது எனக்கு இல்லை, சத்தியமாக.

போன வாரத் தொடரில், நான் ஈப்போ சிலிபினில் ஏர்கான் கடை போட்டு, முதல் மாதமே ஒரு முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கிய கதையைப் படித்துவிட்டுப் பலர் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரமும் சிரிக்க வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை போகவில்லை. பல வாரமாகத் தள்ளித் தள்ளி வைத்த விஷயம் இது. இதை எழுதாமல் என் வாழ்க்கைக் கதை என்று வேறு எதை எழுதினாலும் ஊரை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது.

சீனப் பிள்ளை

என் அக்கா லெட்சுமி பிறப்பால் சீனப் பெண்.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை. லகாட்டில் ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை செய்த ஒரு சீனக் குடும்பத்தில் வரிசையாகப் பெண் பிள்ளைகள். ஐந்தாவதையும் வைத்து வளர்க்க வழியில்லாமல் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இது அதிசயம் இல்லை. எங்கள் தோட்டத்திலேயே அப்படி வந்த பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

அக்கா வந்து பத்து வருடம் கழித்து நான் பிறந்தேன். "அவ வந்த ராசிதான் நீ," என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முகம் மட்டும்தான் சீனம். வாயைத் திறந்தால் அசல் தோட்டத்துத் தமிழ். அவள் ஏசுகிற ஏச்சுக்கு லயத்து நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். ஈப்போ பசாரில் மீன்காரன் அவளைப் பார்த்ததும் கண்டனீஸில் ஆரம்பிப்பான். அக்கா முறைப்பாள். "அட இவனுக்கு எத்தன தடவ சொல்றது? எனக்கு ஒம் பாச தெரியாது லா!" என்று தமிழிலேயே கத்துவாள். அவன் சிரித்துக்கொண்டே ஒரு மீனைக் கூடப் போடுவான்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போனார். அக்கா ஏற்கெனவே வெட்டுக்காட்டில் இறங்கிவிட்டாள். தன் மர நிரையோடு அப்பாவின் நிரையையும் சேர்த்து வெட்டினாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தமிழர்கள் வந்து பார்த்து, "சீனப் பிள்ளையாச்சே" என்று போனார்கள். சீனர்கள் வரவே இல்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

என் கல்யாணத்தில் தாலிக்கு முதல் முடிச்சு நான் போடுவது. மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் போட வேண்டியவை. 'கல்யாணம் ஆகாதவள், அதிலும் சீனப் பெண்' என்று சொந்தத்தில் இரண்டு பேர் முனகினார்கள். நான் மணவறையிலேயே எழுந்து நின்றேன். "எங்கக்கா முடிச்சுப் போடலன்னா எனக்குத் தாலியே வேணாம்," என்றேன். அக்காதான் போட்டாள். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த காரியம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

சிவப்புக் காகிதம்

அக்காவைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சிவப்புக் காகிதம் கொடுத்திருந்தார்கள். பிறந்த நாளும் நேரமும் சீன எழுத்தில் இருக்கும். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அது பத்திரமாகக் கிடந்தது.

என் மகள் ஷாலினி அதைப் படம் எடுத்து முகநூலில் போட்டாள். அக்காவின் படத்தையும் போட்டு, லகாட், செமோர் என்று ஊர் பேரெல்லாம் எழுதினாள். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் பினாங்கிலிருந்து ஓர் ஆள் மலாயில் எழுதினான். பெயர் ஆ செங். அவன் அம்மா கிம் லான்தான் அந்த வீட்டு மூத்த பெண். குழந்தையைக் கொடுக்கப் போன அன்று, பஸ்ஸில் தன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தது அந்த அம்மாதானாம். அப்போது ஏழு வயது. மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் இருக்கிறார், பினாங்கில், கடல்மேல் கட்டிய வீட்டில்.

அக்காவிடம் சொன்னோம். மறுநாள் காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவ சேல கட்டுவாளாடா?"

"சீனச்சி எங்கக்கா சேல கட்டுவாங்க?"

"அப்ப சாரோங் வாங்கணும். நல்ல பாத்தேக்கா வாங்கு."

அக்காவை ஷாலினி வீடியோவில் பேச வைக்கப் பார்த்தாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல நேர்ல பாத்துக்கறோம். போன்ல பாத்தா அழுக வரும், அழுதா மூஞ்சி தெரியாது," என்றாள். பினாங்குச் சீனர் பேசும் ஹொக்கியனில் மூத்த அக்காவை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் ஷாலினியிடம் கேட்டுக்கொண்டாள். ஆ சீ. அடுப்படியில் நின்று, "ஆ சீ, ஆ சீ" என்று தனக்குள்ளே சொல்லிப் பார்ப்பாள்.

உடனே போயிருக்க வேண்டுமா இல்லையா? ஈப்போவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மத்தியானம் திரும்பிவிடலாம். ஆ செங்கும், "எப்ப வேணும்னாலும் வாங்க அங்கிள்," என்று எழுதினான்.

அந்த 'எப்ப வேணும்னாலும்'தான் எங்களைக் கெடுத்தது. "பினாங்குதான, எப்ப வேணும்னாலும் போலாம் லா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் காலம், ஏர்கான் வேலை குவிந்து கிடக்கிறது என்றேன். பிறகு அக்காவின் முழங்கால் வலி. பிறகு தீபாவளி. ஏழு மாதம் ஓடிவிட்டது. அக்கா ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. கேட்டுப் பழக்கமில்லாதவள்.

கப்பலில் பெரட்டு

அதற்குள் என் அறுபதாம் கல்யாணம் வந்தது. மண்டபம், மைக், ஐந்நூறு பேர் எல்லாம் வேண்டாம் என்று என் மனைவி விஜயா சொல்லிவிட்டாள். ஷாலினி கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தாள். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கில் எட்டு மணி நேரம் நின்று, அப்புறம் புக்கெட் போய்த் திரும்புகிற கப்பல். பினாங்குக்கு மறுநாள் காலையில், நடுக்கடலில் நல்ல நேரம் பார்த்துத் தாலி.

'பினாங்கில் எட்டு மணி நேரம்' என்று படித்ததும் நான் துள்ளினேன். அக்காவையும் கூட்டிப் போய்க் காட்டிவிடலாம், ஒரே பயணத்தில் இரண்டும் முடிந்துவிடும். நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கே நினைப்பு. புதன்கிழமை காலையில் வருகிறோம் என்று ஆ செங்குக்கு எழுதினேன். "அம்மா தயாரா இருப்பாங்க," என்று பதில் வந்தது.

கூத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் வடக்கே போக வேண்டிய ஊருக்கு, மூன்று மணி நேரம் தெற்கே போய், கப்பல் ஏறி, ராத்திரி முழுக்க மிதந்து வடக்கே வந்தோம்.

ஏறியதும் கப்பல்காரர்கள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார்கள். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று பயிற்சி. ஒரு பிலிப்பினோ பெண் அறை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு அடையாளம் போட்டுக்கொண்டாள். அக்கா என் காதில், "என்னடா இது, பெரட்டா?" என்றாள்.

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெயர் பெரட்டு. முப்பது வருடம் அதில் நின்றவள் அல்லவா. எங்கள் அறை எண் வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இருக்கேன் கங்காணி!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற தமிழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த பிலிப்பினோ பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சீனப் பாட்டி தமிழில் கத்துகிறாளே என்று வாயைப் பிளந்து நின்றாள்.

அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

காலையில் கப்பல் பினாங்கில் ஒட்டி நின்றது. விஜயாவும் ஷாலினியும் கடைத்தெருவுக்குப் போனார்கள். முதல் நாளே நாலு பேராகப் போய் நிற்க வேண்டாம், அக்காவும் நானும் மட்டும் போகிறோம் என்று நான்தான் சொன்னேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு.

நான் பார்த்தது

பலகைப் பாதையில் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே போனேன். பாதை ஓரிடத்தில் திரும்பியது. திரும்பியதும் நின்றுவிட்டேன்.

வாசலில் வெள்ளையும் நீலமுமாகக் காகித விளக்குகள். கூரையிலிருந்து இறக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் மேசையில் உட்கார்ந்து காகிதம் மடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெட்டி. பெட்டிக்கு முன்னால் பூ வைத்து ஒரு பெரிய படம்.

படத்தில் என் அக்கா இருந்தாள்.

அதே கன்னம், அதே சின்னக் கண், போட்டோ எடுக்கிறவன் மேல் கோபம் மாதிரி அதே ஒரு பார்வை. எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தேன். அதே எண்தான்.

அந்த இடத்தில் ஒரு மனுஷனுக்கு என்ன தோன்ற வேண்டும்? ஐயோ, ஏழு மாதம் வீணாக்கிவிட்டோமே என்று தோன்ற வேண்டும். ஓடிப் போய் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, கடைசியாக முகத்தையாவது பார்த்துக்கொள் என்று காட்ட வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'நாளைக்குத் தாலி.'

சாவு வீட்டில் நுழைந்துவிட்டு வந்த கையால் தாலிக்கு முடிச்சுப் போடுவதா? கூடப் பிறந்தவளின் சாவு. தீட்டு. அக்கா முடிச்சுப் போடாவிட்டால் வேறு யார் போடுவது? தள்ளி வைத்தால் அபசகுனம் என்று ஊர் பேசும். எல்லாக் கணக்கும் அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக ஓடியது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தத்துப் போனவளுக்குப் பிறந்த வீட்டுத் தீட்டு கிடையாது என்று சொல்கிற பெரியவர்களும் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். வசதியாக அதை மறந்துவிட்டேன்.

மேசையில் இருந்த ஓர் ஆள் தலையைத் தூக்கினான். நான் திரும்பி நடந்தேன். வேகமாக.

அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

"வீடு பூட்டியிருக்குக்கா," என்றேன்.

"பூட்டியிருக்கா?"

"பக்கத்து வீட்டுல கேட்டேன். மக வீட்டுக்குக் கோலாலம்பூர் போயிருக்காங்களாம்."

"நம்ம வாரோம்னு தெரியும்ல?"

"வயசாச்சுல. மறந்திருப்பாங்க."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். டின் மூடியை இறுக்கி அழுத்தினாள். ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"பொறந்தப்ப ஒரு தடவ வேணாம்னுட்டாங்க," என்றாள். "இப்பயுமாடா?"

அப்போதாவது என் வாய் திறந்திருக்கலாம்.

ஐஸ் கச்சாங் கடைக்காரி வெளியே வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து, தங்கள் ஆள் என்று நினைத்து, வீடுகள் பக்கம் கையைக் காட்டி ஹொக்கியனில் என்னமோ சொன்னாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சொல்லிவிட்டு உச்சுக் கொட்டினாள்.

"என்னமோ சொல்றா. எனக்கு வெளங்கல. ஒனக்கு வெளங்குதா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

எனக்கும் ஹொக்கியன் தெரியாது. ஆனால் அவள் என்ன சொன்னாள் என்று தெரியும். "வெயிலு ஜாஸ்தின்னு சொல்றா. வாக்கா, போலாம்," என்றேன்.

மத்தியானம்

ஒரு மணிக்கு நாலு பேரும் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்திருந்தோம். விஜயா என்னாச்சு என்று கேட்டாள். அவளுக்கும் அதே பொய். "ஏழு மாசமா வாரோம் வாரோம்னு சொன்னா, மறக்காம என்ன செய்வாங்க?" என்று என்னைத்தான் திட்டினாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அப்போது என் போனில் ஆ செங்கிடமிருந்து செய்தி வந்தது. மலாயில் எழுதியிருந்தான்.

அம்மா முந்தாநாள் சாயங்காலம் தவறிவிட்டார். வேலைகளில் சொல்ல மறந்துவிட்டேன், மன்னியுங்கள். ஆன்ட்டியைக் கூட்டி வாருங்கள், பெட்டி இன்னும் மூடவில்லை, முகம் பார்க்கலாம். அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார், புதன்கிழமை ஆகிவிட்டதா என்று.

கப்பல் ஆறு மணிக்குத்தான் கிளம்பும். கடையிலிருந்து அந்த வீட்டுக்குப் பத்து நிமிடம். எதிரில் அக்கா. அவளுக்கு நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

பொய்யை எப்படித் திருப்பி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வீடு பூட்டியிருக்கிறது என்று சொன்னவன் இப்போது பெட்டி திறந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கோழை. வேறு வார்த்தை இல்லை. மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு பதில் எழுதினேன். 'வருத்தம். காற்று அதிகம். கப்பல் பினாங்கில் நிற்கவில்லை.'

கொஞ்ச நேரம் கழித்து அவனிடமிருந்து வந்தது. 'ஓகே அங்கிள். பத்திரமாகப் போய் வாருங்கள்.'

ஆறு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. நாங்கள் மேல்தளத்தில் நின்றோம். கரையோரமாகப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பலகை வீடுகள் அங்கே தெரிந்தன, வாசலில் காயும் துணி வரைக்கும். எங்களுக்கு அவர்கள் தெரிந்தால் அவர்களுக்கு நாங்கள் தெரிய மாட்டோமா? பதினைந்து மாடிக் கட்டடம் மாதிரி ஒரு கப்பல் காலையிலிருந்து அவன் வாசலுக்கு எதிரில் நின்றிருக்கிறது. காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. அவனிடம் போய், கப்பல் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

அவன் எல்லாம் தெரிந்துதான் 'ஓகே அங்கிள்' என்று எழுதினான்.

பேட்டரி விளக்கு

மறுநாள் காலை தாலி கட்டினேன்.

கப்பலில் நெருப்பு வைக்கக் கூடாதாம். குத்துவிளக்குக்குப் பதிலாக ஷாலினி பேட்டரி விளக்கு கொண்டு வந்திருந்தாள். நாதஸ்வரம் போனில். கப்பல்காரர்கள் ஒரு சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்து, கேக்கும் அனுப்பியிருந்தார்கள். வெளியே நடந்து போன யார் யாரோ எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அக்கா பச்சை நிறப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நான் முதல் முடிச்சைப் போட்டேன். அவள் குனிந்து மற்ற இரண்டையும் போட்டாள். நல்ல முடிச்சு. "நல்லாருங்க ரெண்டு பேரும்," என்று எங்கள் தலையில் கை வைத்தாள்.

அந்த நேரத்தில் பினாங்கில் பெட்டியைத் தூக்கியிருப்பார்கள். எனக்கு மட்டும் தெரியும். விஜயா ஆனந்தத்தில் அழுகிறாள், ஷாலினி படம் எடுக்கிறாள், நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.

முறுக்கு டின்னை அக்காவே திறந்து எல்லாருக்கும் கொடுத்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் பினாங்கைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை ஷாலினி, "அத்தை, இன்னொரு நாள் போலாமா?" என்று கேட்டாள். "வேணாம்மா. அவளுக்கு என்னமோ, நம்மளப் பாக்க இஷ்டமில்ல," என்றாள். சாரோங்கை எடுத்துப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

செத்துப்போனவள் மேல் நான் போட்ட பழி அது. புதன்கிழமை ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனவளை, மறந்துபோனவள் ஆக்கிவிட்டேன்.

நூறாம் நாள்

மூன்று மாதம் கழித்து ஆ செங் மறுபடி எழுதினான். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்கு நூறாம் நாள் கும்பிடுகிறோம், ஆன்ட்டி வந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தான்.

முதலில் விஜயாவிடம் சொன்னேன். அவளுக்குப் பயந்துதானே எல்லாம் செய்தேன் என்று மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தாலி, சகுனம் என்று பெண் பிள்ளைகள்தானே பார்ப்பார்கள் என்று.

அவள் கையில் இருந்த துணி மூட்டையைக் கீழே போட்டாள்.

"நீங்க மனுசனாங்க? எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயிருப்பேனே! கழுத்துலதான் ஏற்கெனவே ஒரு தாலி தொங்குதே. இன்னொண்ண ஒரு மாசம் கழிச்சிக் கட்டுனா நான் என்ன ஓடியா போயிருவேன்?"

எனக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது.

"போங்க. நீங்களே போயி அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

நூறாம் நாளுக்கு எல்லாருமாகப் போனோம். ஆ செங் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே அழுதான். ஆனால் நான் எழுத வந்தது அதற்கு முந்திய ஒரு மத்தியானத்தைப் பற்றி.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். விளக்குகள், வெள்ளைத் துணி, படம், சாப்பாட்டுக் கடையில் வந்த செய்தி, நான் எழுதிய பதில், எல்லாவற்றையும் சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை. என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் கேட்டாள். அப்புறம்தான் கை நின்றது.

ஏசுவாள் என்று காத்திருந்தேன். துடைப்பத்தால் நாலு போட்டிருந்தால் காலில் விழுந்து வாங்கியிருப்பேன்.

"போட்டோல எப்படி இருந்தா?" என்றாள்.

"ஒன்ன மாதிரியேக்கா."

"அப்ப அவ மறக்கல."

"மறக்கலக்கா."

வெளியே ஐஸ்கிரீம்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் போய் முடிந்ததும் கேட்டாள்.

"யாராச்சும் அழுதாங்களா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தோட்டத்தில் ஒரு சாவு என்றால் பெண்கள் தலையை விரித்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுவார்கள். அழ ஆளில்லாமல் போவதுதான் அநாதைச் சாவு. அக்காவுக்குத் தெரிந்த சாவு அதுதான். தன் அக்காவுக்கு அப்படி அழ யாராவது இருந்தார்களா என்று கேட்கிறாள்.

'அழுதாங்கக்கா, நெறையப் பேரு அழுதாங்க.' இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதல். என் வாயில் தயாராக இருந்தது. இவளிடமும் விஜயாவிடமும் ஒரு பொய், ஆ செங்கிடம் ஒரு பொய் என்று ஏற்கெனவே சொன்னவன்தானே.

"தெரியலக்கா," என்றேன். "நான் நிக்கவே இல்ல. பாக்கல."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு நெத்திலியை எடுத்தாள், கிள்ளாமல் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"நான் அழுதிருப்பேன்ல தம்பி," என்றாள்.